அம்மாவின் சாட்சி – கடிதம்

அன்புள்ள அக்கா,

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை. அம்மா போன வருடம் இறந்துவிட்டார். கொழுந்து பறித்தே எங்கள் மூவரையும் வளர்த்தவர். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) ஒரு பெரியம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். சைவ சமயக் குடும்பம். அம்மா காலையில் ரொட்டி சுட்டு, பல் இல்லாத அவருக்காகப் பிய்த்துத் தேநீரில் ஊறவைத்து ஊட்டிவிட்டுத்தான் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் குளிப்பாட்டுவதால் ஆராதனைக்குப் பிந்திவிடும். சில வாரம் போகவே முடியாது. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அண்ணன் இப்போது ஒரு ஜெபக்குழுவில் தீவிரமாக இருக்கிறார். “அம்மா மார்த்தாள்தான், மரியாள் இல்லை. தன் விசுவாசத்தைப் பற்றிக் கடைசிவரை ஒரு சாட்சிகூடச் சொல்லவில்லை” என்கிறார். எனக்கோ அம்மா செய்த பணிதான் அவருடைய விசுவாசம் என்று படுகிறது. தவறா? அடுத்த மாதம் நினைவு ஆராதனை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

தவறில்லை. வீட்டுக்கு வந்த இயேசுவுக்குப் பணிவிடை செய்வதில் மார்த்தாள் கலங்கி நிற்க, அவள் சகோதரி மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டுப் பாராட்டுப் பெறுகிற, லூக்கா 10ஆம் அதிகாரத்தின் கடைசி ஐந்து வசனங்களை மட்டும் அண்ணன் வாசித்திருக்கிறார் போலும். அதற்குச் சற்று மேலேதான் நல்ல சமாரியன் வருகிறான். அடிபட்டுக் கிடந்தவன் எந்தச் சாதி, எந்தக் கோயில் என்று விசாரிக்காமல் காயம் கட்டியவன் அவன். “நீயும் போய் அந்தப்படியே செய்” என்கிறார் இயேசு. பெரியம்மாவை மதம் மாற்ற அம்மா முயன்றதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் தனி மரியாதை வந்தது.

மார்த்தாளின் கதையும் லூக்காவோடு முடியவில்லை. யோவான் 11இல் அவர்களுடைய சகோதரன் லாசரு இறந்து நான்கு நாளான துக்கவீட்டில், மரியாள் உள்ளே உட்கார்ந்திருக்க, எழுந்து இயேசுவை எதிர்கொண்டுபோய், “நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று நான் விசுவாசிக்கிறேன்” என்று அறிக்கையிடுகிறவள் மார்த்தாள்தான். அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் விருந்து. அங்கே அவளைப்பற்றி இருப்பது இவ்வளவுதான்: “மார்த்தாள் பணிவிடை செய்தாள்.” அத்தனை பெரிய அறிக்கைக்குப் பிறகும் அவள் பந்தி பரிமாறுகிறாள். இம்முறை இயேசு அவளை ஒன்றும் சொல்லவில்லை. முன்பு அவர் கடிந்துகொண்டது அவளுடைய கவலையையும் கலக்கத்தையும்தான், அடுப்படி வேலையை அல்ல.

காப்பித் தோட்டக் காலத்தில், 1854இல், தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்யத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபின் உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். அவர்கள் அடுத்த மலைக்குப் போன பிறகு லயங்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட தாய்மார்தான் என்று நினைக்கிறேன். பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த அவசரத்திலும் இன்னொருத்தியின் பல்லில்லாத வாயை நினைத்து ரொட்டியை ஊறவைக்கிறவரிடம் வேறென்ன சாட்சி கேட்பது?

ஆனால் ‘ஒருநாளும் முகம் சுளித்ததில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்னை உறுத்துகிறது. தாயின் சேவையைப் புகழ்வதில் நம் சபைகளுக்கு அலுப்பே வராது. அன்னையர் தினத்தில் கையில் ஒரு பூவைக் கொடுப்பார்கள். மதியச் சோற்றையும் அவர்களையே ஆக்கச் சொல்வார்கள். யோவான் 13ஐயும் பாருங்கள். மார்த்தாள் செய்த பணிவிடையை இப்போது இயேசுவே துண்டு கட்டிக்கொண்டு செய்கிறார். “ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்” என்ற கட்டளை சமையற்கட்டை நோக்கிச் சொல்லப்பட்டதல்ல. பந்தியில் இருந்த சீடர்களுக்குச் சொன்னது. ஞாயிறு காலைகளில் பெரியம்மாவுக்கு வெந்நீர் தூக்கிக் கொடுக்க வீட்டில் பிள்ளைகள் மூவர் இருந்தீர்கள். அண்ணனிடம் இதையும் கேளுங்கள், உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நினைவு ஆராதனை பற்றி: யோப்பாவில் ஏழைகளுக்கு உதவிவந்த தபீத்தாள் இறந்தபோது (அப்போஸ்தலர் 9) பேதுருவிடம் விதவைகள் அழுதுகொண்டே காட்டியது, அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளைத்தான். அதனால் சாட்சி சொல்ல அண்ணனை மட்டும் நிறுத்தாமல், பெரியம்மாவின் வீட்டார் யாரையாவது அழையுங்கள். போதகர் தயங்கினால் ஆராதனை முடிந்ததும் லயத்து வாசலில் பேசச் சொல்லுங்கள். அண்ணன் முன்வரிசையில் உட்காரட்டும்.