நாற்பது பேருக்குப் பேதி: பாயசம்தான் காரணமா?

கேள்வி: ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழா விருந்து. சமையல் கான்ட்ராக்ட், பால் பாயசம் மட்டும் நான் வைத்தேன். திங்கள் இரவிலிருந்து புதன் வரை நாற்பது பேருக்கு மேல் காய்ச்சல், பேதி. நோய் வந்த எல்லோரும் பாயசம் குடித்தவர்கள் என்று நாத்தனார் சொல்கிறார். வியாழக்கிழமை அதிகாரிகள் வந்து தண்ணீரும் அரிசி பருப்பும் எடுத்துப் போனார்கள். பித்தளைப் பாத்திரம்தான் விஷமானது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. எல்லோரும் வயிற்றை ஸ்கேன் செய்ய வேண்டுமா? என் 4 வயது மகனுக்கு ரத்தமாகப் போனது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்ததும் நின்றுவிட்டது. இரண்டு நாளாகச் சோர்ந்து கிடக்கிறான், ஒன்றுக்கும் சரியாகப் போகவில்லை.
- வாசகி, திருச்சி

பதில்: கடைசி வரியைப் படித்ததுமே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். ரத்தபேதி நின்ற பிறகு குழந்தை வெளுத்து, துவண்டு, சிறுநீர் குறைந்தால் வயிறு சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கலாம். சிறுநீரகமே அடிபட்டும் இருக்கலாம். சில வகை ஈ.கோலை, ஷிகெல்லா கிருமிகளின் நச்சு நுண்ணிய ரத்தக்குழாய்களைப் புண்ணாக்கும். அங்கே ரத்தம் உறையும், சிவப்பணுக்கள் சிதையும், சிறுநீரகம் திணறும். பேதி தொடங்கி ஒரு வாரம் வாக்கில், வீட்டில் எல்லோரும் நிம்மதியான பிறகுதான் இது தலைகாட்டும். முகம் லேசாக ஊதினாலும், எட்டு மணி நேரம் ஒன்றுக்குப் போகாவிட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் உட்பட ரத்த அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை, இவை முதலில் போதும். நேரத்தோடு பார்த்தால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுவார்கள்.

அந்த மெடிக்கல் மாத்திரை என்னவென்று எழுதவில்லை. அட்டையைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் போகும் குழந்தைக்கு லோபெரமைடு மாதிரி பேதியைக் கட்டும் மாத்திரை கொடுக்கவே கூடாது. கிருமியும் நச்சும் உள்ளேயே தங்கிவிடும். ஆன்டிபயாடிக்கையும் டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நான் சொன்ன அந்த ஈ.கோலை என்றால் ஆன்டிபயாடிக் கெடுதலாகவே முடியலாம். இன்னொரு வினையும் இருக்கிறது. இரண்டு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போனால் மலப் பரிசோதனையில் கிருமி வளராமல் போய்விடலாம். நாற்பது பேரும் ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டால், எந்தக் கிருமி என்று யார் கண்டுபிடிப்பது?

சரி, பாயசத்துக்கு வருவோம். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதானே. பால் பண்டம் கெட்டு ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் நச்சு சேர்ந்திருந்தால் 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தியாக எடுத்திருக்கும். அன்று சாயங்காலமே பாதி வீடு வாஷ்பேசின் முன்னால் நின்றிருக்கும். ஒன்றரை நாள் கழித்து, காய்ச்சலும் ரத்தமுமாக வந்திருக்கிறது. அப்படியானால் கிருமி உயிரோடு குடலுக்குள் போய்ப் பெருகியிருக்கிறது. கொதித்து இறங்கிய பாயசத்தைவிட, அடுப்பையே காணாத கோசம்பரி, பச்சடி, மோர், ஐஸ் போட்ட ஜூஸ் மேல்தான் எனக்குச் சந்தேகம். அதற்காக கான்ட்ராக்டரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். இதுவும் இன்னும் ஊகம்தான்.

உங்கள் நாத்தனார் சொல்லும் கணக்கில் பெரிய ஓட்டை இருக்கிறது. நோய் வந்தவர்கள் எல்லோரும் பாயசம் குடித்தார்கள். சரி, நோய் வராதவர்களும்தானே குடித்தார்கள்? நன்றாக இருப்பவர்களையும் கேட்காமல் எந்தப் பண்டத்தின் மேலும் பழி போட முடியாது. சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு வந்தது, சாப்பிடாதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்று ஒவ்வொரு பண்டத்துக்கும் பார்க்க வேண்டும். அதுவும் லேசில்லை. நாலு நாள் கழித்துக் கேட்டால் சாம்பாரும் வடையும் நினைவிருக்கும். இலை ஓரத்தில் வைத்த ஒரு கரண்டி கோசம்பரி யாருக்கு நினைவிருக்கும்?

இதில் ஜெர்மனியே சறுக்கியிருக்கிறது. 2011 மே மாதம் அங்கே ஒரு கொடிய ஈ.கோலை பரவியது. ஏறக்குறைய 3,800 பேருக்கு நோய், 800க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகப் பாதிப்பு, 50க்கு மேல் மரணம். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் என்றார்கள். அதில் ஈ.கோலை இருந்தது உண்மை, ஆனால் ஆளைக் கொன்ற ரகம் அது இல்லை. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகள் காய்களைக் கொட்டி அழிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் சிக்கியது நமக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு: வெந்தய முளை. சாலட் மேல் தூவிய அதை நோயாளிகளில் கால்வாசிப் பேர்தான் சாப்பிட்டதாக நினைவு வைத்திருந்தார்கள். அதனால் ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றினார்கள். ஒரே உணவகத்தில் சாப்பிட்ட குழுக்களிடம் என்ன ஆர்டர் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். அந்தத் தட்டில் என்னென்ன, எவ்வளவு போட்டீர்கள் என்பதைச் சமையல்காரரிடம் கேட்டார்கள். முளை போட்ட தட்டு வாங்கியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 14 மடங்கு என்று தெரிந்தது. விதை எகிப்திலிருந்து வந்தது வரை பின்தொடர்ந்தார்கள். ஆனால் அந்த விதைகளைச் சோதித்தபோது கிருமி சிக்கவே இல்லை.

அதனால் வியாழக்கிழமை எடுத்துப்போன அரிசி பருப்பில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள், கோபப்படவும் வேண்டாம். மிச்ச உணவைக் கொட்டி, அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்து நாலு நாள் ஆகிவிட்டது. மூட்டையில் மிச்சமிருக்கும் அரிசி அன்றைய பந்தியில் நடந்ததைச் சொல்லாது. உங்கள் கையில் இருப்பது விருந்தினர் பட்டியல்தான். வட்டாரச் சுகாதார ஆய்வாளரிடம் அதைக் கொடுங்கள். கான்ட்ராக்டர் எந்தப் பண்டத்தில் என்ன சேர்த்தார் என்பதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். இன்னும் மாத்திரை போடாமல் பேதியோடு இருப்பவர் யாராவது இருந்தால் அவரை அரசு மருத்துவமனையில் மலப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்கேன் யாருக்கும் வேண்டாம். நடமாடுபவர்கள் ஓ.ஆர்.எஸ். குடித்துவிட்டுச் சாதாரணமாகச் சாப்பிடலாம். ரத்தம் போகிறவர்களும், காய்ச்சல் விடாதவர்களும், முதலில் சொன்னபடி வெளுத்து, துவண்டு, சிறுநீர் குறைந்தவர்களும் டாக்டரைப் பாருங்கள். பித்தளைப் பாத்திரமா? ஈயம் போன பாத்திரத்தில் புளிப்பு நின்றால் களிம்பு இறங்கும். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் குமட்டும். மறுநாள் ராத்திரி காய்ச்சல் வராது. ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்தால் பூசி வையுங்கள், பொங்கலுக்கு ஆகும்.