சதுர உறை, நீளப் பக்கம்: இசை விளம்பரங்கள் பற்றிக் கேள்வி பதில்

புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய இசைத்தட்டு, கேசட் சேர்க்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் அச்சகத்தில் பக்கம் கட்டியவன். பத்திரிகைகளில் வந்த இசை விளம்பரங்களைப் பற்றி மட்டும் பேசுவேன். விளம்பரத்தைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் தாளின் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்ப வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் செய்வதில்லை.

முத்தியால்பேட்டை வாசகர்: எந்த நாட்டுப் பத்திரிகையைப் புரட்டினாலும் மேலே உறைப் படம், கீழே எழுத்து, மூலையில் நிறுவனச் சின்னம். வடிவமைப்பாளர்களுக்கு அவ்வளவு சோம்பலா?

சோம்பல் இல்லை, கணக்கு. எல்.பி. என்கிற, நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டின் உறை ஏறக்குறைய 31 சென்டிமீட்டர் சதுரம். பத்திரிகைப் பக்கத்துக்கு அகலத்தைவிட உயரம் அதிகம். சதுரத்தைப் பக்க அகலத்துக்குப் பொருத்தினால் ஒரு பட்டை மிஞ்சத்தான் செய்யும். பார்வை மேலிருந்து இறங்குவதால் படம் மேலே போனது, எழுத்து மிஞ்சிய பட்டையில் உட்கார்ந்தது.

உறையில் இருக்கும் பெயரைக் கீழே மறுபடியும் பெரிதாகப் போடுவதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. உறை பாதியாகச் சுருங்கினால் அதிலுள்ள எழுத்தும் சுருங்கும். ஓடும் பஸ்ஸில் படிப்பவருக்கு அது எறும்பு வரிசைதான். அதனால்தான் பெயர் வெளியே வந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் நிற்கும் பதிவு எண் வாசகருக்கானது அல்ல. கடைக்காரர் சரக்குக்கு எழுதும்போது எண்ணைத்தான் குறிப்பிடுவார்.

இந்த விளம்பரங்கள் பாட்டைப் புகழ வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். கடைக்குள் நுழைகிறவர் அலமாரியில் இருக்கும் உறையைப் பார்த்ததும் 'இதுதான் அது' என்று கையை நீட்டவேண்டும். விளம்பரத்துக்கு அதைவிடப் பெரிய வேலை கிடையாது. ஆகவே உறையைச் சாய்க்காதீர்கள், ஓரத்தை வெட்டாதீர்கள், அதன்மேல் 'புதியது' என்று நட்சத்திரம் ஒட்டாதீர்கள்.

எல்.பி.க்கு முன்பிருந்த, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளின் காலத்தில் இந்த வசதி இல்லை. பெரும்பாலான தட்டுகள் நடுவில் வட்ட ஓட்டை போட்ட வெறும் காகித உறையில்தான் வந்தன. காட்டுவதற்கு உறை இல்லாததால் விளம்பரக்காரர்கள் கிராமபோன் பெட்டியையும் பாடகர் முகத்தையும் காட்டினார்கள். அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்துக்காக அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940இல் ஓவிய உறைகளைப் போடத் தொடங்கினார். 1948இல் எல்.பி. வந்தது. அதன்பிறகு உறையே விளம்பரத்தின் முகமாகிவிட்டது. கேசட் அட்டை நிமிர்ந்த செவ்வகம். அது பக்கத்தின் வடிவத்தோடு ஒத்துப்போனதால் ஒரே பக்கத்தில் எட்டு, பத்து கேசட்டுகளை அடுக்கினார்கள். எதுவும் மனத்தில் நிற்காத விளம்பரங்கள் அவை. 1982இல் குறுந்தகடு வந்து சதுரத்தைத் திரும்பக் கொண்டுவந்தது, 12 சென்டிமீட்டர் அளவில்.

அரியாங்குப்பம் வாசகர்: 1950களின் கிராமபோன் விளம்பரம் ஒன்று இருக்கிறது. என்ன விலை போகும்?

விலை சொல்வதில்லை.

உப்பளம் வாசகர்: நாயும் கிராமபோனும் உள்ள சின்னம் எப்போதும் விளம்பரத்தின் அடியிலேயே இருப்பது ஏன்?

அது கையெழுத்து மாதிரி. கடிதத்தின் முடிவில்தானே போடுவோம்? உபரியாக ஒரு செய்தி: பிரான்சிஸ் பரோ அந்த ஓவியத்தை முதலில் வரைந்தபோது நாயின் எதிரே இருந்தது எடிசன் வகை உருளைக் கருவி. 1899இல் லண்டன் கிராமபோன் நிறுவனம் தன் கருவியை வரையச் சொல்லி வாங்கியது. பழைய கருவியின்மேலேயே புதியதைத் தீட்டிக் கொடுத்தார்.

லாசுப்பேட்டை வாசகர்: எங்கள் பஜனைக் குழுவின் பாடல் தொகுப்புக்குக் கோயில் விழா மலரில் அரைப்பக்கம் கொடுத்திருக்கிறார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, நடுவில் கியூஆர் குறியீடு என்று யோசித்திருக்கிறோம்.

கறுப்புப் பின்னணியை விட்டுவிடுங்கள். மலருக்கு வாங்கும் தாள் மையை உறிஞ்சும், மை பரவும். வெள்ளை எழுத்தில் முதலில் அடைபடுவது 'ஞ', 'ண', 'ஜ' போன்றவற்றின் உட்சுழிகள். அதிலும் நான்கு வண்ண மைகளைக் கலந்து கறுப்பு வைத்தால், ஒரு வண்ணம் இம்மி விலகினாலும் சிறிய எழுத்துக்கு நிழல் விழும். வெள்ளைத் தாளில் ஒற்றைக் கறுப்பு எழுத்து போதும். கியூஆர் குறியீடு இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையவேண்டாம். சுற்றிலும் அதன் நான்கு கட்டங்களின் அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். அங்கே பூக்கோலம் போட்டால் கைபேசிக்குப் புரியாது. ஓரத்தில் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட மறக்காதீர்கள்.

நெல்லித்தோப்பு வாசகர்: என் டர்ன்டேபிள் வேகம் குறைந்து ஓடுகிறது.

பழுது பார்ப்பவரிடம் போங்கள். நான் காகிதக்காரன்.

மஞ்சக்குப்பம் வாசகர்: எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத் தட்டுக்கான அரைப்பக்க விளம்பரம் வைத்திருக்கிறேன். தட்டு 1963இல் வந்தது. ஆகவே விளம்பரமும் 1963. படம் அனுப்பியிருக்கிறேன்.

தட்டின் ஆண்டு விளம்பரத்தின் ஆண்டாகிவிடாது. அதிலும் இது ஆண்டுக்கணக்கில் விற்றுக்கொண்டே இருந்த தட்டு. உங்கள் படத்தில் கடை முகவரி 605 001 என்று முடிகிறது. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. பின்பக்கத்தை நீங்களும் அனுப்பவில்லை.

மஞ்சக்குப்பம், மறுபடியும்: 'னை', 'லை' எல்லாம் துதிக்கை போட்ட பழைய வடிவத்தில் இருக்கின்றன. எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978. ஆக 1972க்கும் 1978க்கும் நடுவில் என்றாவது ஒப்புக்கொள்வீர்களா?

மாட்டேன். அரசாணை வந்த மறுநாளே எந்த அச்சகமும் ஈய எழுத்துகளை உருக்கிவிடவில்லை, தேயும்வரை ஓட்டினார்கள். அதேசமயம், பெரியாரின் குடி அரசு இதழ் 1935லேயே புதிய வடிவங்களில் வந்தது. எழுத்து வடிவத்தை மட்டும் வைத்து ஆண்டு சொல்கிறவரை நம்பாதீர்கள்.

வில்லியனூர் வாசகர்: என் அப்பா கம்பாசிட்டர், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அந்தப் படத்தில் முகவரி வரி மட்டும் வேறு எழுத்தில் இருக்கிறது. விளம்பரத்தை அச்சடிக்கும் உலோகத் தகடான பிளாக், இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து வரும். உள்ளூர்க் கடையின் பெயரை அச்சகத்தில் கோத்துக் கீழே சேர்ப்பார்கள். பிளாக் 1963ஆகவும் முகவரி பிறகு சேர்ந்ததாகவும் இருக்கலாமே?

அப்படிக் கேளுங்கள்! நீங்கள் சொல்கிற வழக்கம் உண்மை. இரண்டு எழுத்துகளும் வேறுதான். ஆனால் கட்டத்துக்கு உள்ளே பாருங்கள். 'ஒலிநாடாவாகவும் கிடைக்கும்' என்ற வரி தலைப்பை எழுதிய அதே கையெழுத்தில் இருக்கிறது. பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை ஐரோப்பாவில் அறிமுகம் செய்ததே 1963இல். தட்டு வந்த அதே வருடம் புதுச்சேரிக் கடையில் கேசட்டும் கிடைத்திருக்காது. எனவே பிளாக்கும் பிற்காலத்தது.

மஞ்சக்குப்பம்: அந்த வரியையும் பிறகு சேர்த்திருக்கலாம்!

கையால் எழுதிப் படம்பிடித்துத் துத்தநாகத்தில் அரித்து எடுத்த பிளாக் அது. அதில் ஒரு வரியைச் சேர்ப்பதற்குப் புது பிளாக்தான் செய்யவேண்டும். புது பிளாக் என்றால் புது விளம்பரம். வில்லியனூர்க்காரர் சொன்னதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. உள்ளூர்க் கடையின் பெயர் இருப்பதால் இது சென்னை வார இதழின் தாளாக இருக்க வாய்ப்புக் குறைவு. இங்கே அச்சான விழா மலராக இருக்கலாம். மலரென்றால் பின்பக்கத்தில் நிகழ்ச்சி நிரலோ வாழ்த்துச் செய்தியோ தேதியோடு இருக்கும். புரட்டிப் பாருங்கள், சண்டை முடிந்துவிடும்.

மஞ்சக்குப்பம்: அட்டையில் ஒட்டிச் சட்டம் போட்டுவிட்டேன்.

சரிதான். தயவுசெய்து தண்ணீரில் நனைத்து உரிக்க முயலாதீர்கள், தாள் கூழாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதிச் சந்தையில் பழைய மலர்க் கட்டுகளைப் புரட்டுங்கள். இன்னொரு பிரதி அகப்படலாம். சென்னைக்குப் போனால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் பாருங்கள். அதுவரை '1972க்குப் பின்' என்று மட்டும் எழுதி வையுங்கள்.

தவளக்குப்பம் வாசகர்: வெளிநாட்டு விளம்பரங்களில் விமர்சகர்களின் பாராட்டு வரிகள் வருகின்றன. நம்மவர்கள் ஏன் போடுவதில்லை?

நம் ஊரில் சினிமாப் பாட்டு கேசட்டை விற்றது இசையமைப்பாளரின் பெயரும் நடிகரின் முகமும். விமர்சகர் சொல்லி யாரும் வாங்கியதில்லை. வெளிநாட்டு வரிகளிலும் மூன்று புள்ளிகள் வைத்து வெட்டிய இடத்தைக் கவனியுங்கள். திட்டியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: 1980களின் கேசட் விளம்பரங்கள் நாற்பது இருக்கின்றன. மொத்தமாக என்ன விலை...

அரியாங்குப்பத்துக்குச் சொன்னதே உங்களுக்கும். நாற்பதின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், ஆண்டு சொல்கிறேன்.