செலுத்தாத பொருத்தனை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 78 வயது. படுத்த படுக்கை. சிறுவயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கோயிலுக்கு ஒரு பொருத்தனை, அதாவது நேர்த்திக்கடன், பண்ணியிருந்தார். வறுமையில் அதைச் செலுத்த முடியாமலே போயிற்று. போன மாதம் ஜெபிக்க வந்த ஊழியக்காரர் ஒருவர், "அந்தக் கடன்தான் தடையாக நிற்கிறது, காணிக்கையாக என்னிடம் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா கேட்பது ஒன்றுதான்: "எனக்கு மோட்சம் உண்டுமா மக்களே?" இரட்சிப்பு இலவசம் என்று எழுதுகிறீர்கள். பிறகு இந்த வசூல் எதற்கு? நிஜமாகவே இலவசம் என்றால், ஆயுசு முழுக்க அக்கிரமம் பண்ணியவனும் கடைசி நிமிஷத்தில் சும்மா உள்ளே போய்விடலாமா?

ஆர்., மார்த்தாண்டம்

அன்புள்ள ஆர்.,

முதலில் அம்மாவிடம் போய் "உண்டு" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

அந்த ஊழியக்காரர் செய்தது பழைய வியாபாரம். 1517-ல் ஜெர்மனியில் டெட்சல் என்ற துறவி பாவத்தண்டனையைக் குறைக்கும் சீட்டு விற்றார். ராஜாக்களுக்கு 25 பொற்காசு, அந்தஸ்து இறங்க இறங்க விலையும் இறங்கும். செத்துப்போனவர்கள் பெயரிலும் வாங்கலாம். அதைக் கண்டு கொதித்துத்தான் மார்ட்டின் லூத்தர் தன் 95 வாதங்களை எழுதினார். 82-வது வாதம் சாதாரண ஜனங்களின் கேள்வி: பணத்துக்காக ஆத்துமாக்களை விடுவிக்க முடிகிற போப், அன்பின் நிமித்தம் எல்லோரையும் சும்மாவே விடுவிக்கலாமே? கத்தோலிக்கத் திருச்சபையும் 1567-ல் அந்த விற்பனைக்கு முடிவு கட்டியது. உங்கள் வீட்டுக்கு வந்தவரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பாருங்கள். ஞானஸ்நானம் எடுக்க நேரமில்லை. காணிக்கை போடக் கை இல்லை, ஆணியில் இருக்கிறது. "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்" என்று ஒத்துக்கொண்டு, "அடியேனை நினைத்தருளும்" என்கிறான், அவ்வளவுதான். அன்றைக்கே பரதீசு என்று பதில் வருகிறது. ஆனால் அவன் சிலுவையிலிருந்து இறக்கிவிடப்படவில்லை. சாயங்காலம் சேவகர்கள் வந்து அவன் கால்களை முறித்தார்கள் என்று யோவான் எழுதுகிறார். ரோமாபுரியின் தண்டனை கடைசிவரை நடந்தது. கிருபை அவனுடைய குற்றத்தை இல்லை என்று சொல்லவில்லை, அவனைக் கைவிடவுமில்லை. ஆகவே மன்னிப்பு இலவசம் என்பதால் அக்கிரமக்காரன் கோர்ட்டுக்குத் தப்பிவிடலாம் என்று யாராவது பிரசங்கித்தால் நம்பாதீர்கள்.

வரி வசூலிப்பவனான சகேயுவின் கதையிலும் வரிசையைக் கவனியுங்கள். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு முதலில் சொல்லிவிட்டார். ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொன்னது அதற்கப்புறம். பணத்தைக் கொடுத்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

பொருத்தனையைச் செலுத்து என்று வேதாகமத்தின் பிரசங்கி புத்தகத்தில் இருப்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அதனால்தான் உறுத்துகிறது. அவர் விரும்பினால் அதை உங்கள் சபையில் நன்றிக் காணிக்கையாகச் செலுத்துங்கள். நீங்கள் பிழைத்ததற்கு நன்றி, அவ்வளவே. மோட்சத்துக்கான கட்டணமாக ஒரு ரூபாய்கூட வேண்டாம். சபை ஐயரை, அதாவது போதகரை, வீட்டுக்கு அழைத்து அம்மாவுக்குத் திருவிருந்து கொடுக்கச் சொல்லுங்கள். அவர் வரும்வரை ஏசாயா 55-ஐ நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். "பணமுமின்றி விலையுமின்றி" என்பது முதல் வசனத்திலேயே இருக்கிறது.