மேட் வெள்ளையா, பச்சையா?

கேள்வி: 2023 பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ் விலைக்கு வந்திருக்கிறது. ஃப்ரோசன் சாலிட் ஒயிட், சிக்னல் கிரீன் இரண்டுமே கிடைக்கிறது. எதை எடுக்கலாம்?

பதில்: தினமும் ஓட்டுவதென்றால் சிக்னல் கிரீன்தான். பளபளப்பு பெயின்ட்டில் சின்னக் கீறலை பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். ஃப்ரோசன் ஒயிட் மேட், அதாவது பளபளப்பில்லாத மங்கலான பெயின்ட். மங்கல் அதன் மேலடுக்கான கிளியர் கோட்டில் இருக்கிறது. தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாகிவிடும். கீறல் ஆழமானால் பேனல் (கதவு, பானட் போன்ற பாகம்) முழுவதற்கும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும், பக்கத்துப் பேனலோடு மங்கல் பொருந்துவது கஷ்டம். வேக்ஸும் பிரஷ் சுழலும் கார் வாஷும் ஆகாது. பறவை எச்சத்தை உடனே தண்ணீரில் ஊறவைத்துத் துடையுங்கள்.

வெள்ளைதான் பிடித்திருக்கிறதா? தாராளமாக எடுங்கள், அழகான நிறம். ஆனால் சாலையில் இறக்குமுன் சுமார் 200 மைக்ரான் தடிமனுள்ள பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்கும் ஒட்டு ஃபிலிம்) ஒட்டுங்கள், அதுவும் மேட் ஃபிலிமாக. பளபளப்பு ஃபிலிம் ஒட்டினால் மேட் தோற்றமே போய்விடும்.