ஓடிபியை யாருக்கும் சொல்லாமலே பணம் போவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் பெரியம்மாவின் போனில் மாலையில் சிக்னல் போனது, காலையில் கணக்கில் பணம் இல்லை, ஓடிபியை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்கிறீர்கள். அவர் சொல்வதை நம்புங்கள், திட்டாதீர்கள். இது பெரும்பாலும் சிம் மாற்று மோசடிதான்.

வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டை முன்பே ஏதாவது போலி மின்னஞ்சல் வழியாகத் திருடியிருப்பார்கள். அப்புறம் அவர் பெயரில் போலி அடையாளம் காட்டியோ, உள்ளே இருக்கும் ஊழியரைப் பிடித்தோ அதே எண்ணுக்குப் புது சிம் வாங்குவார்கள். அந்த நொடியே பழைய சிம் செத்துவிடும். ஓடிபி எல்லாம் திருடன் கைக்குப் போகும். அந்நாட்டின் ரிகா (RICA) சட்டப்படி சிம்மைப் பதிவு செய்ய அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் வேண்டும். ஆனால் காட்டுவதே போலி என்றால் சட்டம் என்ன செய்யும்?

தென்னாப்பிரிக்காவில் இன்னொரு சிக்கல் உண்டு. மின்வெட்டில் டவர் நின்று சிக்னல் போவது பழகிவிட்டதால், யாரும் சந்தேகப்படுவதில்லை. இனி இப்படிச் சிக்னல் போனால், அதே நெட்வொர்க் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் சிக்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், உடனே வேறு போனிலிருந்து முதலில் வங்கியை, பிறகு சிம் நிறுவனத்தை அழையுங்கள்.

இப்போது காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள், வங்கி கேட்கும். தென்னக ஆப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் (SAFPS) அவர் அடையாள எண்ணை இலவசமாகப் பதியலாம். பணம் அனுப்ப வங்கி கேட்கும் அனுமதியைக் குறுஞ்செய்தியிலிருந்து வங்கியின் செயலிக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணும் (PIN) வைத்துவிடுங்கள்.