கல், சுண்ணாம்புச் சாந்து, பானை ஓடு: நிலவியல் கேள்வி பதில்

கேள்வி (பொறியியல் மாணவர், சேலம்): கோயில் கல் எந்த வகை என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிட முடியுமா, ஐயா?

பதில்: ஓரளவுக்கு முடியும். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் சார்னோக்கைட் பாறையைப் புதிதாக உடைத்த முகத்தில் பார்த்தால், எண்ணெய் பூசியது போன்ற நீலச்சாம்பல் மினுமினுப்புத் தெரியும். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கொல்கத்தாக் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893-இல் இப்பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் எண்ணெயும் புகையும் படிந்த தூணில் இந்த அடையாளம் மறைந்துவிடும். அப்போது சிறு சில்லு ஒன்றை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, முனைவாக்க நுண்ணோக்கியில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியால் கனிமங்களை இனங்காட்டும் கருவி) வைத்து, குவார்ட்சு, ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் கனிமமும் இருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி.

கேள்வி (காஞ்சிபுரம்): கைலாசநாதர் கோயிலில் அடித்தளம் உறுதியாக நிற்க, மேலுள்ள சிற்பங்கள் மட்டும் ஏன் அரித்துப்போயின?

பதில்: அடித்தளத்தில் இருப்பது கருங்கல், மேலே இருப்பது மணற்கல். மணற்கல்லின் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகளில் ஏறும் ஈரம் உப்பையும் கரைத்துக் கொண்டுவருகிறது. ஈரம் உலரும்போது அந்த உப்பு படிகமாகி, மேற்பரப்பை உள்ளிருந்தே நெருக்கிச் செதில் செதிலாக உதிர்க்கிறது. இத்தகைய கல்லில் சிமெண்ட் பூசிப் பழுதுபார்ப்பதை நான் ஏற்பதில்லை. ஈரம் எளிதில் வெளியேற முடியாத அந்தப் பூச்சு சேதத்தைப் பழைய கல்லின் மீதே திருப்பிவிடுவதோடு, தன்னிடமுள்ள கரையும் உப்புகளையும் கல்லுக்குள் சேர்க்கிறது.

கேள்வி (கட்டடப் பாதுகாப்புப் பணியாளர்): பழைய சாந்தை அமிலத்தில் கரைத்துச் சுண்ணாம்பு, மணல் விகிதத்தைக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: கண்டுபிடிக்கலாம், ஆனால் அதை முதல் சோதனையாகச் செய்யாதீர்கள். கிளிஞ்சல் துண்டும் சுண்ணாம்புக்கல் துகளும் மணலோடு கலந்திருந்தால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் அவற்றையும் கரைத்துவிடும்; சுண்ணாம்பு உண்மையில் இருந்ததைவிட அதிகமாகக் கணக்கில் வரும். முதலில் சாந்தின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, மணல் எந்தப் பாறையிலிருந்து வந்தது, வேகாத கிளிஞ்சல் உள்ளதா, செங்கல் தூள் கலந்திருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே அமிலத்தைத் தொட வேண்டும். செங்கல் தூள், அதாவது சுர்க்கி, சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும் சாந்தைத் தருவதால், அதைக் கவனிக்காமல் வெறும் மணற்சாந்தால் பழுதுபார்த்தால் பழையதும் புதியதும் ஒத்துப்போகமாட்டா.

கேள்வி: பழைய சாந்தில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்களா என்று நுண்ணோக்கி காட்டுமா?

பதில்: காட்டாது. அகச்சிவப்பு நிறமாலை, வண்ணப்படிவியல் (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் முறை) போன்ற வேதியியல் சோதனைகள் வேண்டும். வெல்லம் நீரில் கரையக்கூடியது என்பதால், இன்று அதன் தடயம் கிடைக்காததை வைத்து அன்று சேர்க்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

கேள்வி (தொல்லியல் மாணவி, மதுரை): பானையோட்டின் மண்ணை வைத்து அது செய்யப்பட்ட ஊரைச் சொல்ல முடியுமா?

பதில்: ஊரைச் சொல்வது அரிது, சில ஓடுகளை அயலூர்ச் சரக்கு என்று சொல்வது எளிது. குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் தென்னிந்திய ஆற்று மணலில் பரவலாக இருப்பதால், அருகருகே உள்ள இரண்டு சிற்றூர்களை அவற்றால் பிரிக்க முடியாது. மாறாக, அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மதுச்சாடிகள் சிலவற்றின் களிமண்ணில், இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதிக்கு உரிய கரிய எரிமலை மணல் வெளிப்படையாகத் தெரிகிறது. உங்கள் ஓடுகளை ஆராயும் முன், அகழாய்வு இடத்தைச் சுற்றியுள்ள ஏரிக் களிமண்ணையும் ஆற்று மணலையும் எடுத்துச் சுட்டு, ஒப்பிடுவதற்கான சீவல்களைத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.