ஆம்பளை புடவை கட்டி ஆடறதை ரசிச்சா தப்பா?

கேள்வி: அக்கா, எனக்கு சொந்த ஊரு பாலக்கோடு பக்கம், ஓசூர்ல ஒரு கம்பெனில வேலை பாக்கறேன். போன மாசம் கூட வேலை பாக்கற பொண்ணுங்களோட பெங்களூர்ல ஒரு ட்ராக் ஷோவுக்குப் போனேன். ஆம்பளைங்க விக் வெச்சு, நீள நீளமா இமை ஒட்டி, பாட்டுக்கு வாயசைச்சு ஆடினாங்க, தொண்டை கட்டற அளவுக்கு கத்தி விசிலடிச்சேன். நடுவுல ஒருத்தர் பீரியட்ஸ் வலியை வெச்சு ஒரு ஜோக் அடிச்சாரு, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டேன். ரூமுக்கு வந்ததும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இந்த மேக்கப்பு, இடுப்பு, குலுக்கலு எதையும் எங்க மேல திணிக்காதீங்கன்னு வீட்டுல சண்டை போடறவ நான், அதையே ஒரு ஆம்பளை செஞ்சா கை தட்டறேனே? ஊர்ல கூத்துல திரௌபதி வேஷம் கட்டறதும் ஆம்பளைதான், அப்ப இப்படி தோணினதே இல்ல. நான் பெண்ணியவாதின்னு சொல்லிக்கலாமா?
(பேர் வேண்டாம், ஓசூர்)

பதில்: தாராளமா சொல்லிக்கோ கண்ணு. ரசிச்சதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா அந்த ஒரு ஜோக்கு உறுத்துச்சு பாரு, அந்த உறுத்தலை மட்டும் விட்டுடாத.

கூத்தை நீயே இழுத்துட்ட, அங்கயே பாப்போம். நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சு, துகிலுரியற ராத்திரி பாத்திருப்பியே, துச்சாதனன் வேஷக்காரரு புடவை மேல கை வெக்கறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தி, தாயே இது வேஷம், மன்னிச்சுக்கோன்னு கும்பிட்டுட்டுதான் இழுக்கவே ஆரம்பிப்பாரு. அரிதாரம் வேர்வையில வழிஞ்சு தாடை நீலமா தெரியும், குரலும் ஆம்பளை குரல்தான், இருந்தும் முன்னாடி உக்காந்திருக்கற பொம்பளைங்க கண்ணுக்கு அது அம்மன், சில பேருக்கு சாமியே வந்துடும். அந்த ஆளு நம்ம கோவத்தை சுமக்கறாரு, நம்ம உடம்பைக் காட்டி சிரிப்பு வாங்கல. அதே ராத்திரி அதே கொட்டகையில கோமாளியா வர்ற கட்டியக்காரன் பொம்பளைங்களை வெச்சு ரெட்டை அர்த்தத்துல பேசுவான் பாரு, அங்கதான் எனக்கு எரியும், அவன் புடவை கூட கட்டியிருக்க மாட்டான். டிவி காமெடில நைட்டி மாட்டிட்டு வந்து குண்டுப் பொண்டாட்டின்னு அடி வாங்கற காட்சியெல்லாம் நான் பாக்கறதையே விட்டுட்டேன். அதனால யாரு புடவை கட்டினாங்கன்னு பாக்காத, சிரிப்பு யாரு மேல விழுதுன்னு பாரு.

நல்ல ட்ராக் கலைஞர் செய்யற வேலையே வேற. அவங்க எல்லாத்தையும் பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டறப்போதான் பொம்பளைத்தனம்னு நம்மகிட்ட சொல்லிக் குடுத்ததுல பாதி மேக்கப்பும் பழக்கமும்தான்னு தெரியுது. அமெரிக்காவுல ஜூடித் பட்லர்ங்கற பெண்ணிய சிந்தனையாளர் 1990லயே இதைத்தான் சொன்னாங்க, ஆணு பொண்ணுங்கறது திரும்பத் திரும்ப செஞ்சு செஞ்சு இயல்பு மாதிரி ஆனது, ட்ராக் அந்த குட்டை உடைக்குதுன்னு. அதை ஒத்துக்காத பெண்ணியவாதிங்களும் இருக்காங்க, இது பொம்பளைங்களை கேலி பண்றதுதான்னு அவங்க கட்சி. எனக்குத் தோணறது என்னன்னா, உன்னை கட்டாயப்படுத்தின அதே பொட்டு, பூ, வளையலை ஒருத்தர் யாரும் சொல்லாம தானா ஆசைப்பட்டுப் போட்டுக்கறதைப் பாத்த, அந்த சுதந்திரத்துக்குதான் நீ விசிலடிச்சிருக்க.

உன் கோவமும் நியாயமானதுதான், அதை நான் லேசா தள்ள மாட்டேன். நம்ம தர்மபுரி எப்படிப்பட்ட ஊரு? 2001 கணக்கெடுப்புல ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்கள்ல ஆயிரம் பையனுக்கு 826 பொண்ணுதான் இருந்துச்சு, 1992ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தை திட்டத்தை 2001ல இங்கயும் கொண்டு வர வேண்டியதாப் போச்சு. பொறந்த பொண்ணை வேண்டாம்னு சொன்ன மண்ணுல, பொம்பளை வேஷம் கட்டின ஆம்பளைக்கு மாலை போட்டு கும்பிட்டாங்க, நிஜப் பொம்பளைக்கு அந்த மேடையில இடமே இல்லாம இருந்துச்சு. சின்னப் பசங்களை வெச்சே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி காலத்துலயும் இதே கதைதான், அங்க வளந்த டி.கே.சண்முகம் பின்னால அவ்வையார் வேஷத்துல அப்படி நடிச்சாரு, அவ்வைங்கறது பேரோடவே ஒட்டிக்கிச்சு. அவரு திறமையில எனக்கு ஒரு குறையும் இல்ல. அதே நேரம் கே.பி.சுந்தராம்பாள் 1935ல சினிமாவுல நந்தனாராவே நடிச்சாங்க, அதுக்கு லட்ச ரூபா சம்பளம். பொம்பளை ஆம்பளை வேஷம் கட்டினது அவ்வளவு பெரிய விஷயமா இருந்தும், நாம ஏன் அதை அடிக்கடி பேசறதில்ல?

ஆனா இந்தக் கோவத்தை அந்த ட்ராக் கலைஞர் தலையில இறக்காத. ராத்திரி திரௌபதியா நின்னவரை காலைல டீக்கடையில என்னா நடைடான்னு கிண்டல் பண்றாங்க, பெங்களூர்ல ஆடினவரும் அந்த மேக்கப்போட தனியா ஆட்டோ ஏற பயப்படுவாரு. பொம்பளை மாதிரி இருக்கறதே கேவலம்னு நினைக்கற அதே புத்திதான் நம்மளையும் அடிக்குது, அவங்களையும் அடிக்குது. இன்னொண்ணு, திருநங்கைங்களை இதோட சேத்துக் குழப்பிக்காத, அவங்களுக்கு அது வேஷம் இல்ல, வாழ்க்கை.

அடுத்த தடவையும் போ, விசிலடி. அந்த மாதிரி ஜோக்கு வந்தா மட்டும் சிரிக்காத. ஷோ முடிஞ்சு அவரைப் பாக்க முடிஞ்சா, மத்ததெல்லாம் சூப்பர், அது ஒண்ணு மட்டும் வலிச்சுதுன்னு நேராவே சொல்லிடு.

கேள்வி: பத்தாவது படிக்கற என் பொண்ணு கூத்து கத்துக்கணும்ங்கறா. பொம்பளைப் புள்ள கூத்தாடறதான்னு சொந்தக்காரங்க ஏசறாங்க.
(ஒரு அம்மா, அரூர்)

பதில்: ஆடட்டும்ங்க. காஞ்சிபுரம் பக்கம் 2002ல ஆரம்பிச்ச கட்டைக்கூத்து குருகுலத்துல பொண்ணுங்களும் கத்துக்கிட்டு, கிரீடம் புஜக்கட்டை எல்லாம் கட்டி ஆடியிருக்காங்க. பரீட்சை முடியட்டும், அப்புறம் உங்க பக்கத்துலயே ஒரு நல்ல வாத்தியாரைப் பாத்துப் பேசுங்க. துணி மாத்த தனி இடம், ராத்திரி முழுக்க கூட இருக்க வீட்டு ஆளு, இதை ரெண்டையும் முதல்லயே கறாரா கேட்டுடுங்க. பொண்ணுன்னா பெண் வேஷம்தான்னு அவங்களா முடிவு பண்ண விடாதீங்க, அவ துரியோதனன் கட்டணும்னு ஆசைப்பட்டா அதையும் சேத்துக் கேளுங்க.